கோடு கிழிப்பவர்கள்: வட கரோலினாவின் கறுப்புத் தொகுதிகள்

1992ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பன்னிரண்டாம் காங்கிரஸ் தொகுதி என்று ஒன்றை வரைந்தார்கள். காங்கிரஸ் என்றால் நம்ம ஊர்க் கட்சி இல்லை. அவர்களுடைய நாடாளுமன்றத்துக்குப் பெயரே அதுதான். அந்தத் தொகுதியின் நீளம் ஏறத்தாழ 160 மைல். அகலம்? பல இடங்களில் 85ஆம் எண் நெடுஞ்சாலையின் அகலம்தான். டர்ஹாம், கிரீன்ஸ்பரோ, சார்லட் என்று கறுப்பு மக்கள் வாழும் நகரப் பகுதிகளைச் சாலையே நூலாகி மணி மாதிரிக் கோத்துக்கொண்டு போனது. காரின் இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் ஓட்டினால் தொகுதியில் பெரும்பாலானோர் அடிபட்டுச் சாவார்கள் என்று அந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே கேலி பேசினார். அந்தக் கேலி உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போய் ஏறியது.

பத்திரிகைகள் சிரித்தன. பாம்பு என்றார்கள், கோணல் என்றார்கள். இனத்தின் பேரால் நாட்டைத் துண்டாடுகிறார்கள் என்றும் எழுதினார்கள். 120 வருஷத்துக்கு முன்னால் அதே மாநிலத்தில், அதே மக்களைச் சுற்றி, வேறு ஒரு கை வேறு ஒரு கோட்டைக் கிழித்திருந்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. கதையை அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

உள்நாட்டுப் போர் 1865ல் முடிந்தது. அடிமைகள் விடுதலையானார்கள். 1870ல் பதினைந்தாவது அரசியல் சட்டத் திருத்தம் கறுப்பு ஆண்களின் வாக்குரிமையை உறுதி செய்தது. (பெண்கள் இன்னும் ஐம்பது வருஷம் காத்திருந்தார்கள். தெற்கின் கறுப்புப் பெண்கள் அதற்கு மேலும் காத்திருந்தார்கள்.) வட கரோலினாவின் கிழக்குச் சமவெளி பருத்தியும் புகையிலையும் விளைந்த பண்ணை நிலம். வாரன், ஹாலிஃபாக்ஸ், நார்த்தாம்ப்டன், எட்ஜ்கம், கிரேவன் முதலிய கவுண்டிகளில் கறுப்பர்களே பெரும்பான்மை. கவுண்டி என்பதை நம்ம மாவட்டம், தாலுகா இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அடிமைகளாகக் கொண்டுவந்து குவித்த இடத்தில் அவர்கள் பெரும்பான்மையாக இருந்ததில் என்ன வியப்பு?

1870ல் மாநிலச் சட்டமன்றத்தை வெள்ளை ஆண்டைகளின் கட்சியான ஜனநாயகக் கட்சி மீண்டும் பிடித்தது. கறுப்பர்களின் ஓட்டை இனி நேரடியாகப் பிடுங்க முடியாது. வாஷிங்டனின் படை இன்னும் தெற்கில் இருந்தது. எனவே 1872ல் தொகுதி எல்லைகளைத் திருத்தினார்கள். மாநிலத்துக்கு எட்டு இடங்கள். கறுப்பர் பெரும்பான்மையாக உள்ள கவுண்டிகளைப் பொறுக்கி எடுத்து ஒரே தொகுதிக்குள் தள்ளினார்கள். ஒரு இடம் போனால் போகட்டும், மற்ற இடங்களில் இவர்கள் தொந்தரவு இருக்காது என்பது கணக்கு. ஆட்டைப் பட்டியில் அடைப்பது மாதிரி. இரண்டாம் எண் கொண்ட அந்தத் தொகுதிக்குக் 'கறுப்பு இரண்டாம் தொகுதி' என்றே பேர் நிலைத்துவிட்டது.

பட்டி என்று அடைத்த இடத்தை அவர்கள் கோட்டையாக மாற்றிக்கொண்டார்கள். 1874 முதல் 1898 வரை நான்கு கறுப்பர்கள் அங்கிருந்து வாஷிங்டன் போனார்கள். முதலாமவர் ஜான் ஹைமன். வாரன் கவுண்டியில் அடிமையாகப் பிறந்து, அலபாமாவுக்கு விற்கப்பட்டு, விடுதலைக்குப் பின் சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். எந்த ஊர்ச் சந்தையில் விலை போனாரோ அந்த ஊருக்கு 1875ல் காங்கிரஸ் உறுப்பினர். பிறகு ஜேம்ஸ் ஓ'ஹாரா, ஹென்றி சீத்தம், ஜார்ஜ் ஹென்றி வைட்.

நடுநடுவே வெள்ளையரும் வென்றதுண்டு. 1886ல் ஓ'ஹாராவும் இஸ்ரேல் ஆபட்டும் என இரண்டு கறுப்பு வேட்பாளர்கள் மோதிக்கொள்ள, ஓட்டுப் பிரிந்து ஃபர்னிஃபோல்ட் சிம்மன்ஸ் என்ற வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். இந்தப் பேரை நினைவில் வையுங்கள். சீத்தமும் வைட்டும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள், அதாவது சகலைகள். 1894ல் கட்சி வேட்பாளர் இடத்துக்காக இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். சீத்தம் நின்று தோற்றார். ஒரே ஒரு இடம்தான் என்று ஒதுக்கிவிட்டால் அந்த ஒரே இடத்துக்குச் சொந்தக்காரனே சொந்தக்காரனோடு அடித்துக்கொள்ள வேண்டியதுதான். இது நமக்குத் தெரியாத கதையா?

ஜார்ஜ் வைட் 1852ல் பிறந்தவர். கறுப்பர்களுக்கான ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்து வழக்கறிஞரானார். எட்ஜ்கம் கவுண்டியில் டார்பரோ என்ற ஊரில் குடியேறினார். டார் ஆற்றின் ஒரு கரையில் டார்பரோ, எதிர்க்கரையில் பிரின்ஸ்வில். விடுதலையான அடிமைகள் தாங்களாகவே அமைத்துக்கொண்ட குடியிருப்பு அது. முதலில் அதற்குச் 'சுதந்திரக் குன்று' என்று பேர் வைத்திருந்தார்கள். 1885ல் முறையான நகரமாகப் பதிவானது. பேர்தான் குன்று. ஆற்று வெள்ளம் ஏறும் தாழ்வான நிலம் அது. வெள்ளையர் வேண்டாமென்று விட்ட இடம் என்பதால் இவர்களுக்குக் கிடைத்தது. 1999ல் ஃபிளாய்டு புயலில் ஊரே மூழ்கியது. எந்த நாட்டுச் சேரியும் பள்ளத்தில்தான் இருக்கும்போல.

1896 தேர்தலில் வைட் வென்றார். அப்போது வட கரோலினாவில் ஏழை வெள்ளை விவசாயிகளின் மக்கள் கட்சியும், கறுப்பர்கள் பெருமளவில் இருந்த குடியரசுக் கட்சியும் கூட்டுச் சேர்ந்து ஆட்சியைப் பிடித்திருந்தன. ஆண்டைகளால் பொறுக்க முடியவில்லை. 1898 தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி 'வெள்ளை மேலாதிக்கம்' என்பதையே வெளிப்படையான முழக்கமாக வைத்தது. பிரச்சாரத்தை நடத்தியவர் சிம்மன்ஸ். ஆம், அதே சிம்மன்ஸ். சிவப்புச் சட்டை போட்ட துப்பாக்கிக் கூட்டம் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றியது. தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், 1898 நவம்பர் 10, வில்மிங்டன் நகரில் அலெக்ஸ் மான்லி என்ற கறுப்பரின் பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். கறுப்பு மக்களைத் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட நகர நிர்வாகத்தைத் துப்பாக்கி முனையில் ராஜினாமா செய்ய வைத்துத் தாங்களே உட்கார்ந்துகொண்டார்கள். மக்கள் சதுப்புக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். 1997 ஜூனில் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தவர்களிடம் கேட்டிருந்தால், வில்மிங்டன் கும்பலின் அதே நியாயத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். இவன் எப்படி நாற்காலியில் உட்காரலாம் என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த 1898லும் இரண்டாம் தொகுதி வைட்டையே மறுபடி தேர்ந்தெடுத்தது. காங்கிரசில் அப்போது இருந்த ஒரே கறுப்பர் அவர். 1900 ஜனவரி 20 அன்று, கும்பல் கொலையை மத்திய அரசின் சட்டப்படி குற்றமாக்கும் முதல் மசோதாவைக் கொண்டுவந்தார். குழுவிலேயே வைத்து அதைச் சாகடித்தார்கள். அப்படி ஒரு சட்டம் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுப் பையனின் பேரில் 2022 மார்ச்சில்தான் நிறைவேறியது. 122 வருஷம்.

1900ல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். ஓட்டுப் போட எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி. எழுதத் தெரியாத ஏழை வெள்ளையன் என்ன செய்வான்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 1867 தொடக்கத்துக்கு முன்னால் ஓட்டுரிமை பெற்றிருந்தவனுக்கும் அவன் வாரிசுக்கும் தேர்வு கிடையாது. தாத்தன் ஓட்டுப் போட்டிருந்தால் பேரனும் போடலாம். அடிமையாக இருந்த தாத்தன் எங்கே ஓட்டுப் போட்டான்? சட்டத்தின் எழுத்தில் கறுப்பர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. 1970ல் அந்த எழுத்தறிவுப் பிரிவை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கலாமா என்று கேட்டபோதுகூட வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். மத்தியச் சட்டத்தால் அது ஏற்கனவே செத்துப்போயிருந்தும் பிணத்தைப் புதைக்க மனசு வரவில்லை.

வைட் மூன்றாம் முறை நிற்கவில்லை. இந்த மாநிலத்தில் மனிதனாக வாழ முடியாது என்று சொல்லிவிட்டு வெளியேறினார். 1901 ஜனவரி 29 அன்று தன் கடைசி உரையில், இது கறுப்பர்கள் காங்கிரசிடமிருந்து பெறும் தற்காலிக விடை மட்டுமே, சாம்பலிலிருந்து எழும் பறவையைப்போல ஒருநாள் திரும்புவோம் என்ற பொருளில் பேசினார். அதே வருஷம் சிம்மன்ஸ் செனட்டில் நுழைந்து முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். கறுப்பர் ஒருவர் மறுபடி காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1928ல், அதுவும் வடக்கே சிகாகோவிலிருந்து. தெற்கிலிருந்து 1972ல். வட கரோலினாவிலிருந்து 1992ல்!

1965ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. ரத்தம் சிந்தி வாங்கிய சட்டம். எழுத்தறிவுத் தேர்வு ஒழிந்தது. வட கரோலினாவின் 100 கவுண்டிகளில் 40, தேர்தல் விதியில் எதை மாற்றினாலும் முதலில் வாஷிங்டனின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றானது. கறுப்பர்கள் பதிவு செய்தார்கள், ஓட்டுப் போட்டார்கள். ஆனாலும் ஜெயிக்கவில்லை. ஏன்? 1872ல் ஒரே இடத்தில் அடைத்தவர்கள் இப்போது பல இடங்களில் சிதறடித்திருந்தார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் நாலில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு. ஓட்டுக் கேட்க வருவதற்குப் போதும், ஜெயிக்கப் போதாது.

பழைய இரண்டாம் தொகுதியில் எல்.எச். ஃபவுண்டன் என்ற வெள்ளையர் 1953 முதல் முப்பது வருஷம் உறுப்பினர். 1981ல் புது எல்லை வரைந்தபோது, அவருக்கு ஆபத்து வரக்கூடாதென்று டர்ஹாம் நகரத்தின் கறுப்பு வாக்காளர்களைத் தொடாமல் கோட்டை வளைத்து வளைத்து இழுத்தார்கள். 'ஃபவுண்டனின் தூண்டில்முள்' என்றே அதற்குப் பட்டப்பேர். நீதித்துறை ஒப்புக்கொள்ளவில்லை. டர்ஹாமைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஃபவுண்டன் ஓய்வு பெற்றார். 1982ல் மிக்கி மிஷோ என்ற கறுப்பு வழக்கறிஞர் கட்சி வேட்பாளர் தேர்தலில் நின்றார். எதிரில் இரண்டு வெள்ளையர். முதல் சுற்றில் மிஷோதான் முதலிடம், சுமார் 44 சதவீதம். ஆனால் 50ஐத் தாண்டாவிட்டால் முதலிரண்டு பேருக்குள் மறுசுற்று என்பது விதி. மறுசுற்றில் வெள்ளை ஓட்டுகள் ஒன்று சேர்ந்தன, மிஷோ தோற்றார். 1989ல் அந்த 50ஐ 40 ஆகக் குறைத்தார்கள். ஏழு வருஷம் முன்னால் குறைத்திருந்தால்?

இப்போது 1992க்கு வருவோம். 1990 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகையில் கறுப்பர் 22 சதவீதம். மாநிலத்துக்குப் பன்னிரண்டாவதாக ஒரு இடம் கூடியது. சட்டமன்றம் முதலில் ஒரே ஒரு கறுப்புப் பெரும்பான்மைத் தொகுதியை வரைந்தது. இரண்டு வரைய முடியுமே என்று நீதித்துறை திருப்பி அனுப்பியது. மாநிலத்தின் தென்கிழக்கில் ஒழுங்கான வடிவில் இரண்டாவதை வரைய இடம் இருந்தது. அப்படி வரைந்தால் பதவியில் இருந்த வெள்ளை ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களின் தொகுதி ஆட்டம் காணும். அதனால்தான் கறுப்புத் தொகுதியை நெடுஞ்சாலையில் நீட்டினார்கள். அந்தக் கோணல் கறுப்பர்களுக்காகப் போட்ட கோணல் இல்லை. வெள்ளை உறுப்பினர்களின் நாற்காலி அசையாமலிருக்கப் போட்டது. கேலி மட்டும் நம் தலையில். நம் என்றுதான் எழுத வருகிறது, இருக்கட்டும்.

1992 நவம்பரில் முதல் தொகுதியில் ஈவா கிளேட்டன், பன்னிரண்டாம் தொகுதியில் மெல் வாட். வைட் போய் 91 வருஷம் கழித்துத் திரும்பி வந்த பறவைகள்.

உடனே வழக்கு. டர்ஹாமைச் சேர்ந்த ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். 1993 ஜூன் 28 அன்று 'ஷா எதிர் ரீனோ' தீர்ப்பு, ஐந்துக்கு நான்கு. எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். இனத்தைத் தவிர வேறு எதாலும் விளக்க முடியாத விசித்திர வடிவம் என்றார், இது அரசியல் நிறவெறிப் பிரிவினையை ஒத்திருக்கிறது என்றார். தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் இன்னும் ஒரு பொதுத்தேர்தலில்கூட ஓட்டுப் போட்டிராத வருஷம் அது. வழக்குப் போட்டவர்கள் தங்கள் ஓட்டின் பலம் குறைந்தது என்று சொல்லவில்லை, தாங்கள் வெள்ளையர் என்றுகூடச் சொல்லவில்லை. நிறம் பார்க்காத தேர்தல் வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. 1901 முதல் 1992 வரை அத்தனை பேரும் வெள்ளையராகவே போய்க்கொண்டிருந்தபோது இந்த நிறம் பாராமை எங்கே போயிருந்தது? இடஒதுக்கீடு என்றதும் 'தகுதி'யும் 'சாதி பார்க்காதே'யும் எங்கிருந்தோ முளைக்குமே, அதே குரல்.

பிறகு நடந்தது சலிப்பூட்டும் நீதிமன்றக் கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1996ல் 'ஷா எதிர் ஹண்ட்' தீர்ப்பில் பன்னிரண்டாம் தொகுதி செல்லாது என்றானது. 1997ல் மாற்றி வரைந்தார்கள். 1998 தேர்தலுக்கு இன்னொரு முறை. கறுப்பர் பங்கு மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் இறங்கியும் வாட் வென்றார். 2001ல் அதே உச்ச நீதிமன்றம், 1997ன் எல்லைக்குக் காரணம் இனமல்ல, கட்சி அரசியல், அதனால் செல்லும் என்றது. கறுப்பர்களில் பத்தில் ஒன்பது பேர் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடும் இடத்தில் இனம் எது, கட்சி எது என்று பிரித்துப் பார்க்கும் கண் யாருக்கு இருக்கிறதோ!

2010ல் குடியரசுக் கட்சி சட்டமன்றத்தைப் பிடித்தது. (நூறு வருஷத்தில் கட்சிகள் இடம் மாறிவிட்டன. வெள்ளைத் தெற்கின் கட்சி இப்போது இது.) 2011ல் அவர்கள் செய்தது 1872ஐ நினைவூட்டியது. கிளேட்டனின் முதல் தொகுதியிலும் வாட்டின் பன்னிரண்டாம் தொகுதியிலும் கறுப்பர் பாதிக்கும் குறைவாக இருந்தே அவர்கள் விரும்பியவர் ஜெயித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் 50 சதவீதத்துக்கு மேல் ஏற்றினார்கள். வாக்குரிமைச் சட்டம் அப்படித்தான் கேட்கிறது என்றார்கள். கேடயத்தையே எடுத்துக் கூண்டு செய்துவிட்டார்கள். மறுபடி பட்டி. 2017ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. அதற்குள் அந்த எல்லையில் இரண்டு தேர்தல் முடிந்திருந்தது.

கீழ்நீதிமன்ற உத்தரவால் 2016ல் வரைந்த புது வரைபடத்தில் பன்னிரண்டாம் தொகுதி சார்லட் நகரக் கவுண்டிக்குள் சுருங்கிவிட்டது. பாம்பு உருண்டையானது. கிரீன்ஸ்பரோவிலிருந்து தேர்வான ஆல்மா ஆடம்ஸ் சார்லட்டுக்குக் குடிபெயர்ந்து நின்று வென்றார். இந்த முறை வரைந்தவர்கள் இனத்தைப் பார்க்கவில்லை, கட்சியை மட்டும் பார்த்தோம் என்று அறிவித்தார்கள். பத்துக்கு மூன்று என்று வரைகிறோம், பதினொன்றுக்கு இரண்டு என்று வரைய முடியாததால்தான் என்று குழுத்தலைவர் டேவிட் லூயிஸ் குழுக் கூட்டத்திலேயே சொன்னார். கிரீன்ஸ்பரோவில் நாட்டின் மிகப் பெரிய கறுப்பர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1960 பிப்ரவரி 1 அன்று வெள்ளையர் மட்டும் உட்காரும் உணவு மேடையில் போய் உட்கார்ந்து நாட்டையே குலுக்கிய நான்கு மாணவர்கள் அங்கே படித்தவர்கள். கோடு அந்த வளாகத்தின் நடுவே, லாரல் தெரு வழியாகப் போனது. தெருவுக்கு இந்தப் பக்க விடுதி ஒரு தொகுதி, அந்தப் பக்க வகுப்பறை இன்னொரு தொகுதி. இரண்டிலும் மாணவர்கள் சிறுபான்மை. கட்சிக்காகக் கோடு கிழிப்பதில் தலையிட மாட்டோம் என்று 2019ல் உச்ச நீதிமன்றம் கைகழுவியது. முன் ஒப்புதல் முறையை 2013லேயே முடக்கியிருந்தார்கள். கடைசியில் 2019ல் மாநில நீதிமன்றத்தில் போராடித்தான் அந்தப் பல்கலைக்கழகம் மறுபடி ஒரே தொகுதிக்குள் வந்தது.

இதையெல்லாம் நாம் ஏன் படிக்க வேண்டும்? 1946ல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனு பற்றிக் கேட்டு டபிள்யூ.இ.பி. டுபோய்சுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் பாடத்தை நமக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. பொருத்திப் பார்த்தால் பளிச்சென்று ஒரு வித்தியாசம் தெரிகிறது. அங்கே வேட்பாளர் யாராகவும் இருக்கலாம், வாக்காளர்களில் பெரும்பான்மை கறுப்பர். நம்ம தனித்தொகுதியில் வேட்பாளர் தலித்தாகத்தான் இருக்க வேண்டும், வாக்காளர்களில் பெரும்பான்மை தலித் அல்லாதவர். நம் பங்கு பெரும்பாலும் கால்வாசி, அல்லது சற்று மேல். 1932ல் பூனா ஒப்பந்தத்தில் இடங்கள் 71லிருந்து 148 ஆனது, ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை கைமாறியது. அம்பேத்கர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

எங்க ஊர் தனித்தொகுதியில்தான் இருந்தது. ஓட்டுக் கேட்க வரும் நம்மாளு ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே போவார், எல்லா வாசலிலும் நிற்பார். சேரிக்கு வரும்போது இருட்டியிருக்கும். ஜீப்பை விட்டு இறங்க மாட்டார். "நம்ம ஓட்டு எங்கடா போயிடப்போவுது, அவங்க ஓட்டுதான் வேணும்" என்று அப்பா சொல்லுவார். அவர்மேல் கோபமில்லாமல்தான் சொல்லுவார். ஈவா கிளேட்டன் கறுப்புத் தெருவில்தான் முதலில் இறங்கியாக வேண்டும். இது குணத்தைப் பொறுத்த விஷயமில்லை, கோட்டைப் பொறுத்தது.

அதற்காக அமெரிக்க வழி நமக்கு விடிவு என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பெரும்பான்மையாக வாழும் நகரப் பகுதிகள் உண்டு. நம்ம சேரி ஒவ்வொரு ஊரின் ஓரத்திலும் சிதறிக் கிடக்கிறது. எந்த நெடுஞ்சாலையை வைத்துக் கோத்தாலும் தொகுதியாகாது. அதனால்தான் அம்பேத்கர் எல்லைக்கோட்டைக் கேட்காமல் தனி வாக்காளர் பட்டியலைக் கேட்டார். அதோடு, அங்கே கொடுத்ததைப் பறிக்கும் வழியும் கோட்டிலேயே இருக்கிறது.

2025 அக்டோபரில் வட கரோலினா சட்டமன்றம் பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக்கூடக் காத்திராமல் மறுபடி கோடு கிழித்தது. இந்த முறை குறி, கிளேட்டன் வென்ற அதே முதல் தொகுதி. அப்போதைய உறுப்பினர் டான் டேவிஸ், கறுப்பர். 1872ன் பழைய இரண்டாம் தொகுதியின் கவுண்டிகள் பலவும் 1992க்குப் பிறகு இந்த முதல் தொகுதியோடுதான் இருந்து வந்தன. அதில் கடற்கரை வெள்ளைக் கவுண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, பதினான்கில் பதினொன்று தங்களுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் இது என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அந்த மாநில ஆளுநர் மற்ற மசோதாக்களைத் தடுத்து நிறுத்தலாம். தொகுதி எல்லை மசோதாவைத் தடுக்கும் அதிகாரம் மட்டும் அவருக்குக் கிடையாது.